வளையம் விழாத தட்டு

காலை ஒன்பதே காலுக்குத் தட்டைத் திறந்தார்கள். வளையம் இல்லை.

உள்ளங்கை அகலமே உள்ள கண்ணாடித் தட்டு அது. கூழ் போல உறைந்த சத்துக்கலவையில் முந்தின நாள் மாலை கிருமிகளை விதைத்து, நடுவில் சின்னக் குழி தோண்டி, ஃபிரீசரில் குட்டிக் குழாயில் பூட்டி வைத்திருந்த புரதத்தில் ஒரு சொட்டை அதில் விட்டிருந்தார்கள். புரதம் வேலை செய்திருந்தால் கிருமிகள் அண்ட முடியாமல் குழியைச் சுற்றி, நிலா கோட்டை கட்டின மாதிரி, தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். தட்டு முழுக்க ஒரே சீராக வெள்ளை பூத்திருந்தது.

சுற்றி நின்றவர்கள் ஆறு பேர். அதில் மூவர் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த விருந்தாளிகள். குடற்புண்ணால் சாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு இந்தப் புரதம் உதவுமா என்று கண்ணால் பார்க்க வந்தவர்கள். மற்ற மூவர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள்: பேராசிரியர், ஐந்து வருஷம் மெனக்கெட்டு அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்த மாணவி, ஆய்வுக்கூடத்தைக் கட்டி மேய்க்கும் 'கறார்'. கறாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருக்கே மறந்திருக்கும்.

"ஐயோ" என்றாள் மாணவி.

"தட்டு மாறிடுச்சா?" என்று கறார் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மாறவில்லை. ராத்திரி முழுக்க அது பூட்டி முத்திரை வைத்த பெட்டிக்குள் இருந்தது. முத்திரை வைத்ததே விருந்தாளிகள்தான்.

பேராசிரியர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சங்கூடவா இல்ல?" என்றார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "மூணு வாரத்துக்கு முன்னால இதே குழாயிலேர்ந்து எடுத்துத்தான் இவ்ளோ பெரிய வளையம் பார்த்தோம். யாரோ குழாயில கை வெச்சிருக்காங்க" என்றார்.

வெளியாள் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியாது. நிறுவனத்தின் இயக்குநர் போலீசைக் கூப்பிட்டார்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. ஸ்டேஷனில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'வெந்நீர்' என்று பெயர். வயிற்றெரிச்சல்காரர்; டீ, காபி எதுவும் ஆகாது. கொலை நடந்த வீட்டில்கூட அவர் கேட்கிற முதல் கேள்வி "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்பதுதான் என்று சொல்வார்கள். மிகைப்படுத்துகிறார்கள். அது இரண்டாவது கேள்வி.

கூட வந்த ஏட்டு நல்ல ஆகிருதி. வழியில் நின்றால் கதவே தேவையில்லை.

பேராசிரியர் தன் அறையில் உட்காரவைத்து விஷயத்தை விளக்கினார். மேசைக்கடியில் விமானச் சீட்டு தொங்கும் பயணப் பெட்டி இருந்தது. மறுநாள் மாலை வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்புகிறாராம்.

"நம்ம சிறுகுடலோட உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தாங்க. இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் கோடானுகோடிக் கிருமி. சுவர்னு சொல்றதே மரியாதைக்குத்தான்."

"அப்ப ஏன் எல்லாரும் சாகல?"

"காவல் இருக்கு. சுவர்ல குட்டிக் குட்டியா குழிகள். குழியோட அடியில சில செல்கள் உக்காந்திருக்கும். கிருமி வாடை பட்டதும் ஒரு புரதத்தைத் துப்பும். அது போய்க் கிருமியோட தோல்ல ஓட்டை போட்டுடும். கதை முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் வெந்நீரை ஒரு மிடறு குடித்தார். "கிருமித் தோலை ஓட்டை போடுறது, தன்னை வெச்சிருக்கற செல்லை ஓட்டை போடாதா?"

பேராசிரியர் முகம் மலர்ந்தது. வாத்தியார்களுக்கு நல்ல கேள்வி கேட்டவர் போலீஸ் என்றாலும் பிடிக்கும். "போடாது. உறை போட்ட கத்தி மாதிரி அது. புரதத்தோட தலையில ஒரு துண்டு ஒட்டிக்கிட்டிருக்கும். அது இருக்கற வரைக்கும் பரம சாது. செல்லை விட்டு வெளிய வந்த பிறகு, டிரிப்சின்னு ஒரு செரிமானச் சாறு அந்தத் துண்டை நறுக்கி எடுக்கும். அப்புறம்தான் கத்தி. நாங்களும் அப்படித்தான். குழாயில உறையோட வெச்சிருப்போம். சோதனைக்கு முன்னால டிரிப்சின் விட்டு உறையைக் கழட்டுவோம்."

"நேத்து விட்டீங்களா?"

"விருந்தாளிங்க பார்க்க, அந்தப் பொண்ணேதான் விட்டா."

அவர் கோப்பையை எடுத்தபோது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற மூன்று விரல்களால் பிடித்தார். இரண்டு விரல்களின் சதைப்பக்கத்திலும் பிளாஸ்திரி. நகங்கள் சீராக வெட்டி, சுத்தமாக இருந்தன.

"கையில என்ன சார்?"

"கார் கதவுல நசுங்கிடுச்சு."

"ஃபிரீசர் சாவி யார் யாருகிட்ட இருக்கு?"

"மூணு பேர்கிட்ட. நான், அவ, கறார். ஆனா நான் அதைத் திறந்தே வருஷக்கணக்காச்சு. நமக்கு இப்பல்லாம் கூட்டம், கையெழுத்து, இதுவே சரியா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது. அவ வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியில சேர்ந்திருக்கார். இதே மாதிரிப் புரதம் தேடுற கம்பெனி. எடுத்துக் குடுத்துட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சா யாருக்குத் தெரியப் போகுது? எனக்கு மக மாதிரிங்க அவ. அதான் மனசு வலிக்குது."

வலிக்கிற மனசு வெகு சரளமாகப் பேசியது.

மாணவி நடைபாதை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் உத்தரவுப்படி அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாமல் ஆய்வுக்கூடக் கதவு திறக்காது. ஐந்து வருஷமாக அவள் கை பட்டுத் திறந்த கதவு, இப்போது அவள் எதிரிலேயே மூடிக் கிடந்தது.

"உன் புருஷன் மருந்துக் கம்பெனியிலயாம்மா?"

"ஆமா மேடம். கணக்குப் பிரிவுல. புரதம்னா பருப்புன்னு நினைக்கறவரு."

"குழாயைக் கடைசியா எப்ப எடுத்த?"

"மூணு வாரம் முன்னால சோதனைக்கு எடுத்தேன். அப்புறம் நேத்துதான்."

"நேத்து அளவு குறைஞ்சிருந்துதா?"

"இல்ல மேடம். நான் வெச்ச கோட்டுல கரெக்டா இருந்துது."

"டிரிப்சின் கெட்டுப்போயிருந்தா?"

"அதைத்தான் முதல்ல பார்த்தேன். அட்டையை வாங்கறதுக்கு முன்னால அதே டிரிப்சினைக் கொஞ்சம் பால்ல விட்டேன். பால்ல இருக்கற புரதத்தை வெட்டிட்டா பால் தெளிஞ்சிடும். தெளிஞ்சிடுச்சு. டிரிப்சின் நல்லாத்தான் இருக்கு."

"சாருக்கும் உனக்கும் ஏதாவது தகராறா?"

அவள் தயங்கினாள். "தகராறெல்லாம் இல்ல. கட்டுரையில என் பேரு முதல்ல வரணும்னு கேட்டேன். பார்க்கலாம்னார். இந்தக் குழாயை விட்டா எனக்கு வேற ஒண்ணுமே இல்ல மேடம். திருடின்னு பேரு வந்துட்டா எந்த ஆய்வுக்கூடத்துலயும் வாசலுக்குள்ள விட மாட்டாங்க." சொல்லும்போது அழவில்லை. சொல்லி முடித்த பிறகு அழுதாள்.

இன்ஸ்பெக்டருக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. தன் வெந்நீர்க் குவளையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஆய்வுக்கூடத்துக்குள் கறார் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஃபிரீசரைத் திறந்ததும் வெண்புகை கொட்டியது. ஏட்டு ஆர்வமாகக் கையை நீட்ட, கறார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வெறுங்கையால இரும்புத் தட்டைத் தொடாதீங்க. ஒட்டிக்கும். இழுத்தா தோலோட வரும். இந்தாங்க கையுறை."

மேசைமேல் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. 'பொது' என்று கொட்டை எழுத்து.

"இது என்னங்க?"

"பஃபர். உப்புக் கரைசல். புரதம் வெறும் தண்ணியில இருந்தா கெட்டுடும், இதுல இருந்தா சௌக்கியமா இருக்கும். வாராவாரம் முறை வெச்சுக் கலக்கறோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அந்தப் பொண்ணு. இதுலயே இன்ஹிபிட்டரும் போட்டுடுவோம். புரதத்தை அரிச்சுத் திங்கற சாறு ஏதாவது கலந்திருந்தா அதோட வாயைக் கட்டிடும்."

"எல்லாரும் இதுலேர்ந்துதான் எடுப்பீங்களா?"

"எல்லாரும். அந்தப் பொண்ணு மட்டும் தனிக்குடித்தனம். தனக்குன்னு ஒரு குட்டிப் பாட்டில் கலந்து அலமாரியில பூட்டி வெச்சுக்கும். பொதுச் சமையல் அதுக்கு ஒத்துக்காது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்காதவர் கறார். மற்றவர்களும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல சந்தேகமா?"

"சந்தேகப்படறது என் வேலை இல்ல. கழுவாம வெச்ச கண்ணாடிக் குப்பி ஒண்ணு இன்னிவரைக்கும் அது மேசையில நான் பார்த்ததில்ல. அவ்ளோதான் சொல்லுவேன்."

கறார் வாயிலிருந்து வந்தால் அது நற்சான்றிதழ்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி, குழாயில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு சொட்டை டிரிப்சின் விட்டு, ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெல் என்பது புரதங்களை எடைவாரியாக வரிசையில் நிறுத்தும் பலகை: கனமானது மேலே நின்றுவிடும், லேசானது கீழே இறங்கும். கறார் ஓட்ட, ஏட்டு கண் கொட்டாமல் காவல் நின்றார். மதியம் மூன்று மணிக்கு முடிவு வந்தது.

வெறும் தண்ணீராக இருந்தால் கோடே இருக்கக் கூடாது. ஆனால் கோடு இருந்தது.

கறார் மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டு வித்தியாசங்கள். பழைய கோட்டில் பாதிக் கனம்தான் புதியதில். தவிர, பழைய கோடு டிரிப்சின் விட்டதும் கீழே இறங்கியிருந்தது. புதியது மேலேயே நின்றது.

"மேலேயே நின்னா?"

"உறை கழலல. டிரிப்சின் விட்டும் கழலல."

"டிரிப்சின் பாலை வெட்டுது. இதை ஏன் வெட்டல?"

கறார் பொதுப் பாட்டிலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் அவர் பார்த்த திக்கில் பார்த்தார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பொண்ணை உள்ள விடச் சொல்லுங்க. அட்டை வேணாம், நான் கூட வரேன்."

மாணவி உள்ளே வந்தாள். இன்ஸ்பெக்டர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாயைக் கட்டற ஆள் ஒருத்தன், வெட்டற ஆளும் ஒருத்தன்தான். சரி. வெட்டறவங்க பத்துப் பேர் வந்தா?"

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

அன்று மாலை இரண்டு தட்டுகள் தயாராயின. ஒன்றில் வழக்கமான அளவு டிரிப்சின் கலந்த சொட்டு. இன்னொன்றில் பத்து மடங்கு. டிரிப்சின் தானே கிருமியைக் கொன்றது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, இரண்டாம் தட்டின் ஓரத்தில் இன்னொரு குழி வெட்டி, புரதமில்லாமல் டிரிப்சினை மட்டும் விட்டாள். அது அவளாகச் செய்தது. இரண்டும் முத்திரையோடு பெட்டிக்குள் போயின. ஏட்டு பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அதே ஆறு பேர். விருந்தாளிகளுக்கு மதியம் ரயில். பேராசிரியர் பயணத்துக்கான சட்டையோடே வந்திருந்தார். ஏட்டைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் முதல் தட்டைத் திறந்தார். வெள்ளை. இரண்டாவதைத் திறந்தார்.

டிரிப்சின் மட்டும் விட்ட ஓரக் குழி வெள்ளைக்குள் மூழ்கிக் கிடந்தது. நடுக் குழியைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. பழைய படத்தில் இருந்ததைவிடச் சின்ன வளையம். ஆனால் சுத்தமான வளையம்.

மாணவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"புரதம் குழாயில இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "பாதிதான் இருக்கு. மீதிப் பாதியை எடுத்துட்டு, அளவு குறையாம இருக்க வேற ஏதோ ஊத்தியிருக்காங்க. ஆராய்ச்சி தெரிஞ்ச ஆளு, அதனால தண்ணி ஊத்தல. பொதுப் பாட்டில்லேர்ந்து பஃபர் ஊத்தியிருக்காங்க. அதுல டிரிப்சினோட வாயைக் கட்டற இன்ஹிபிட்டர் இருக்கு. கத்தி உறையைவிட்டு வரவே இல்ல. டிரிப்சினைப் பத்து மடங்கு விட்டோம், கட்டறவனால எல்லார் வாயையும் கட்ட முடியல, வளையம் விழுந்துடுச்சு."

"கெடுக்கணும்னே யாராவது ஊத்தியிருக்கலாமே?" என்று கேட்டார் விருந்தாளிகளில் ஒருவர்.

"கெடுக்க வந்தவனுக்கு ஒரு சொட்டு போதும், பாதியை எடுத்திருக்க மாட்டான். இவன் எடுக்க வந்தவன். எடுக்க வந்தவன் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் பார்ப்பான். பாதிப் புரதம் இருந்தா வளையம் கொஞ்சம் சின்னதா விழும், ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கான். அப்ப அந்தப் பாட்டில்ல இன்ஹிபிட்டர் இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் யாரு? வாராவாரம் அதைக் கையால போடற இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இந்தப் பொண்ணு தனிப் பாட்டில் வெச்சிருக்கறதே அதுக்காகத்தான். சாவி இருக்கறது மூணு பேர்கிட்ட."

எல்லாருமே பேராசிரியரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அதுவே பார்த்ததற்குச் சமம்.

"என்ன உளறல் இது!" என்றார் அவர். "நான் அந்த ஃபிரீசரைத் தொட்டே வருஷக்கணக்காச்சு!"

"அதனாலதான் சார் கையுறை போடணும்னு மறந்துட்டீங்க. கார் கதவு நசுக்கினா நகம் கறுக்கும். உங்க நகம் ரெண்டும் பளிச்சுனு இருக்கு, பிளாஸ்திரி சதைப்பக்கம் இருக்கு. இரும்புத் தட்டு தோலை எடுத்துக்கிச்சு." இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு. நேத்துத் தட்டைத் திறந்தப்ப யார் என்ன சொன்னாங்கன்னு விருந்தாளிங்க மூணு பேரையும் தனித்தனியாக் கேட்டேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. வளையம் இல்லன்னதும் இந்தப் பொண்ணு ஐயோன்னுது. கறார் தட்டு மாறிடுச்சான்னார். நீங்க மட்டும் 'கொஞ்சங்கூடவா இல்ல?'ன்னு கேட்டீங்க. கொஞ்சம் இருக்கும்னு எதிர்பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு முனைவர் பட்டம் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

வாசல் இருண்டது. ஏட்டு வந்துவிட்டார். கையில் ஐஸ்கிரீம் டப்பா.

"சார் வீட்டு ஃபிரிட்ஜ்ல, ஐஸ் உறையற தட்டுல இருந்துது மேடம். உள்ள ஒரு குட்டிக் குழாய். அவர் வீட்டம்மாவே எடுத்துக் குடுத்தாங்க. 'இதைத் தொடாதே, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்னார், நானும் தொடல'ன்னாங்க."

கருத்தரங்கு நடக்கிற ஊரில் பேராசிரியரின் பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். சோதனைகளை அவர் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு தரம் செய்து, இரண்டு பெயர்களில் கட்டுரை போடுவதாகத் திட்டம். மூன்றாவது பெயருக்கு அதில் இடமில்லை. வளையம் சின்னதாக விழுந்திருந்தால் மாணவியைத் திருடி என்று சொல்லியே இருக்கமாட்டேன், விருந்தாளிகள் முன்னால் வேறு வழி தெரியவில்லை என்று பிற்பாடு வாக்குமூலத்தில் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவள் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது இல்லையென்று ஆகிவிடாது.

மாணவி டப்பாவை வாங்கிக் குழாயை எடுத்துப் பார்த்தாள். உருகவில்லை. நேரே ஃபிரீசருக்குப் போனாள். இயக்குநர் அலுவலகத்திலிருந்து அவசர அவசரமாக அவளுடைய அட்டை வந்து சேர்ந்தது.

ஏட்டு பேராசிரியரின் முழங்கையைத் தொட்டார். அவர் நகரவில்லை. பொதுப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவருக்குள் இருந்த ஆராய்ச்சியாளருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"கறார், எப்பலேர்ந்துய்யா இதுல இன்ஹிபிட்டர் போடறீங்க?"

"ஒன்பது வருஷமா சார்."

"எங்கிட்ட யாருமே சொல்லலயே. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

கறார் பாட்டிலின் மூடியை இறுக்கி, வழக்கமான இடத்தில் வைத்தார்.

"நீங்கதான் சார் போடச் சொன்னீங்க."